ஒரே முகத்து வண்டுகள்

இரண்டு வண்டுகளை அருகருகே வைத்து, இதில் எது எந்த இனம் என்று கேட்டால் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான். "எனக்குத் தெரியாது." வருடம் முழுவதும் அந்த வண்டுகளோடேயே குடித்தனம் நடத்துகிற மனுசன். பேராசிரியர் கேட்டாலும் அதே பதில், படிக்க வந்த பிள்ளைகள் கேட்டாலும் அதே பதில், தேநீர் நேரத்தில் அவருடைய வாயைக் கிளறலாம் என்று நான் கேட்டாலும் அதே பதில். எனக்கு விசர் வரும்.

"அண்ணை, உங்களுக்கே தெரியாதெண்டா வேற ஆருக்குத் தெரியும்?"

"மெஷின் சொல்லும், தங்கச்சி. பொறுங்கோ."

அவருடைய பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். பயம்தான் காரணம், இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பயம் போகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மொன்றியலில் மலைச்சரிவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ் அறையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம். எனக்குக் கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிற வேலை. அவர் ஆய்வுகூட உதவியாளர். ஒரு திங்கட்கிழமை முதல் அவர் வேலைக்கு வரவில்லை. வெள்ளை மேலங்கி கொழுவியிலேயே தொங்கியது. பேராசிரியர் வந்து, உங்கள் ஆள் எங்கே என்று என்னிடம் கேட்டார். தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை, தெரியாது என்றும் சொல்ல முடியவில்லை.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து இரசாயன ஆய்வுகூடத்தில் இருந்தவர் என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார். எந்த ஊர் என்று கேட்டால், அந்தப் பக்கம் என்பது போல, "அங்காலை" என்பார். யாழ்ப்பாணத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அதற்கு மேல் நான் தோண்டவில்லை. அந்தக் காலத்தில் எங்களில் ஒருவரும் மற்றவரைத் தோண்டுவதில்லை. தோண்டினால் எங்களுடையதையும் காட்ட வேண்டி வரும்.

வண்டு என்று நான் சொல்வதும் சரியான பெயரில்லை. உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்புமாய் மயிர் மூடிய குண்டுத் தேனீ அது. பம்பிள்பீ என்பார்கள். கோடையில் மலைப்பக்கத்துப் பூக்களில் விழுந்து விழுந்து எழும்பும். அதில் இரண்டு இனங்கள் கூடப்பிறந்ததுகள் மாதிரி இருக்கும். அதே மஞ்சள் பட்டி, அதே கறுத்த வால். பூதக்கண்ணாடி வைத்தாலும் பிரிக்க முடியாது. ஆனால் வண்டுகளுக்குள் ஒரு குழப்பமும் இல்லை. ஆண்வண்டு காலையில் புறப்பட்டு, போகிற வழியில் இருக்கிற இலைகளில் தன் வாசத்தைப் பூசிவிட்டுப் போகும். அதன் தலைக்குள் ஒரு சுரப்பி. இனத்துக்கு இனம் வேறு கலவை. தன் இனத்து வாசத்துக்குப் பெண்வண்டு தேடி வரும், மற்றதைத் திரும்பியும் பார்க்காது.

அந்த வாசத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவருடைய வேலை. வண்டின் தலையைத் திறந்து, சுரப்பியை எடுத்து, கரைப்பானில் ஊறவைத்து, மயிர்க்கனத்து ஊசியால் அதில் ஒரு துளியை மெஷினுக்குள் ஏற்றுவார். மெஷினுக்குள் ஒரு சூட்டுப் பெட்டி, அதற்குள் சுருட்டி வைத்த நீளமான மெல்லிய குழாய். வாசத்தில் கலந்திருப்பவை அந்தக் குழாய்க்குள்ளால் ஓடி ஒன்றன்பின் ஒன்றாய் வெளியே வர, ஒரு பேனை காகிதத்தில் மலை மலையாய்க் கீறும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மலைத்தொடர். அது கீறி முடிந்த பிறகுதான் இவர் வாய் திறப்பார். சில வண்டுகளின் தலையைத் திறந்தவுடன் தேசிக்காய் வாசம், எலுமிச்சை வெட்டியது போல, குப்பென்று எனக்கே அடிக்கும். "மூக்குக்கே தெரியுது அண்ணை, இது அந்த இனம்தான்" என்பேன். அவர் என் பக்கம் திரும்பவும் மாட்டார். காகிதம் வெளியே வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

நல்ல மனிதர். அதையும் சொல்ல வேண்டும். கரைப்பான் மணத்தில் எனக்குத் தலையிடி வந்தால் என்னுடைய குழாய்களையும் தானே கழுவி வைப்பார். என் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியில் புட்டு இருந்தால் அவருக்கு ஒரு பங்கு கட்டாயம். ஆனால் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்க மாட்டார். கதைக்கும்போது கண் எங்கள் தோளில் இருக்கும். மெற்றோவில் யாராவது சிரித்துக் கையைக் காட்டி, "என்னைத் தெரியுதோ?" என்று கேட்டால், தினமும் காண்கிற ஆளாக இருந்தாலும் "தெரியேல்லை, மன்னியுங்கோ" என்று விலகிவிடுவார். எங்கள் சனம் அவரைத் தலைக்கனக்காரர் என்றது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம். பிறீசரிலிருந்து வண்டுத் தட்டொன்றை எடுக்கும்போது இரண்டு வண்டுகளின் குறிச்சீட்டுக் கழன்று விழுந்துவிட்டது. எது எதனுடையது? நான் குனிந்து பார்த்தேன். ஒன்று கொஞ்சம் பெரிது போல இருந்தது. கண்மட்டத்தில் ஒட்டிவிட்டு என் பாட்டில் போய்விட்டேன். பின்னேரம் வாய் சும்மா இருக்காமல் அதை அவரிடம் சொல்லியும் விட்டேன்.

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. முகம் வெளிறிப் போயிற்று.

"எப்பிடிப் பிரிச்சனீங்கள்?"

"பாத்துத்தான்."

"பாத்தோ?"

கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பி, அந்தத் தட்டில் இருந்த எல்லா வண்டுகளையும் ஒவ்வொன்றாய் மெஷினில் ஏற்றத் தொடங்கினார். எத்தனையோ நாள் வேலை. கடைசியில் நான் மாற்றித்தான் ஒட்டியிருந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது.

"ரெண்டும் செத்த வண்டுதானே அண்ணை. இதுக்குப் போய் ஏன் இப்பிடிப் பயப்பிடுறியள்?"

"உயிரோடை இருந்தா அது தானே பறந்துபோய்த் தன்ரை ஆக்களோடை சேந்திடும்" என்றார். "செத்தாப் பிறகு ஆள் மாறினா, திருத்த ஆருமில்லை, தங்கச்சி."

இதென்ன கதை என்று நான் போய்விட்டேன். ஆனால் அவர் அந்த இரண்டு குறிச்சீட்டையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத்தான் ஒட்டினார். அதற்குப் பிறகு அவரோடு தனியாக அந்த அறையில் இருக்க எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் ஆள் ஒருவருடைய பலசரக்குக் கடை இருந்தது. ஒருநாள் பட்டப்பகலில் ஒருவன் உள்ளே வந்து, கத்தியைக் காட்டிக் கல்லாவை வழித்துக்கொண்டு போனான். முகத்தை மூடவும் இல்லை. ஆய்வுகூட அண்ணை அரிசிமாப் பையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். எட்டினால் கை படுகிற தூரம். பொலிஸ் படங்களைக் கொண்டுவந்து கடைக்காரருக்கும் காட்டியது, இவருக்கும் காட்டியது. இவர் எதையும் தொடவில்லை. தெரியாது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, பையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். கடைக்காரர் அடுத்த சனிக்கிழமை என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளினார்.

"உம்மோடை வேலை செய்யிற அந்தப் பயந்தாங்கொள்ளிக்குச் சொல்லும், இனி என்ர கடைப் படி மிதிக்க வேண்டாமெண்டு."

நானும் விடவில்லை. திங்கட்கிழமை நேரே கேட்டேன்.

"கள்ளனைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"காணுறது வேற, தங்கச்சி. இவர்தானெண்டு காட்டுறது வேற." கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "நான் ஒருத்தரையும் காட்ட மாட்டன்."

கோழை என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த வருடம் கார்த்திகையில் என் வீட்டுக்கு இடி வந்தது. என் கணவர் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டிகள் இறக்குகிற வேலையில் இருந்தார். அன்றைக்குக் கடும் குளிர். மப்ளரால் மூக்கு வரை சுற்றி, தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தார். கண் மட்டும்தான் வெளியே. ஊரிலிருந்து மகள் ஸ்பொன்சர் செய்து புதிதாய் வந்திருந்த ஒரு வயதான அம்மா, லாசால் பகுதியில் இருந்து மகளோடு கத்தரிக்காய் வாங்க வந்தார். இவருடைய கண்ணைப் பார்த்தார். கையில் இருந்த பை கீழே விழ, அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "இவன்தான். இவன்தான் தலையாட்டி."

எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இயக்கப் பிள்ளைகளைத் தேடி ஆமிக்காரர் துவக்கோடு வந்து ஊரைச் சுற்றி வளைப்பார்கள். ஆண்பிள்ளைகளை எல்லாம் வெளியே வரச் சொல்லி வரிசையில் விடுவார்கள். முன்னால் ஒருவன் கதிரையில் இருப்பான், தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசை அவனைத் தாண்டிப் போகும். அவன் தலையை ஆட்டினால் அந்தப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவார்கள். போன பிள்ளை பெரும்பாலும் திரும்பாது. அந்த அம்மாவின் ஒரே மகன் அப்படிப் போனவன். அன்றைக்கு அவர் வேலிக்குள்ளால் கண்டது அந்த இரண்டு கண்ணை மட்டும்தான்.

அந்தக் கிழமை முடிவதற்குள் கதை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. தொலைபேசி அடிக்கும், எடுத்தால் பேச்சு இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். சந்தையில் கூட வேலை செய்த எங்கள் பையன்கள் இவரோடு பெட்டி தூக்க மறுத்தார்கள். மாடிப்படியில் முன்பின் காணாத இரண்டு பேர் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு, நான் தாண்டிப் போகும்போது வழிவிடாமல் நின்றார்கள். பொலிசுக்குப் போகலாம் என்றால் எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. தலையாட்டி என்ற சொல் அந்த விசாரணை மேசைக்குப் போனால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகாமல் இருந்தால் இங்கேயே ஒருநாள் யாராவது இவரை முடித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் அடைத்த பாதை.

இன்னொரு பயமும் இருந்தது. அதை அப்போது ஒருவரிடமும் சொல்லவில்லை. இவரை நான் கட்டியது கொழும்பில், பெரியவர்கள் பேசி முடித்த பேச்சுக்கால் கலியாணம். அந்தச் சுற்றிவளைப்பு நடந்த வருடத்தில் இவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று எனக்கு இவர் சொன்னது மட்டும்தான் தெரியும். சாப்பாட்டு மேசையில் இவருக்குச் சோறு போட்டுவிட்டு இவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னப்பா அப்பிடிப் பாக்கிறீர்?" என்று கேட்பார். நான் கறிச்சட்டியை எடுக்க எழும்பிவிடுவேன்.

பிறகு அந்த அம்மாவின் மருமகன் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாசாலுக்கு வர வேண்டும், மாமிக்கு முன்னால் மப்ளர் இல்லாமல் நிற்க வேண்டும். வராவிட்டால் அதுவே பதில் என்றார்கள்.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் எனக்கு அடக்க முடியவில்லை. குழாய்களைத் தொட்டியில் போட்டுவிட்டு அழுதேன். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மெஷினுக்கு முன்னால் நின்று, பேனை கீறுகிறதைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டுக்கெல்லாம் மெஷின் வச்சிருக்கிறியள். மனுசரைப் பிரிக்க ஒண்டும் இல்லையோ அண்ணை? ரெண்டு கண்ணைப் பாத்திட்டு இவன்தானெண்டா நான் என்ன செய்ய?"

"அந்த அம்மா எந்த ஊர்?" என்றார்.

சொன்னேன்.

"மகனுக்கு என்ன வயசிருக்கும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பள்ளிக்கூடப் படிப்பு முடித்திருந்த பிள்ளை என்று கேள்வி. அவர் கையை நீட்டி மெஷினை நிறுத்தினார். ஓட்டம் பாதியில் இருந்தது. பேனை ஒரு மலையின் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. அப்படி அவர் செய்து நான் கண்டதே இல்லை.

"ஞாயிறு நானும் வாறன்" என்றார்.

படித்த மனிதர் ஒருவர் பக்கத்தில் நின்றால் நல்லதுதான் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

லாசாலில் அந்த அடுக்குமாடி வீட்டின் முன்னறையில் சூடாக்கி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அம்மா சோபாவில் இருந்தார். மகள் பக்கத்தில். மருமகன் எங்களுக்குப் பின்னால் வந்து கதவுச் சங்கிலியைப் போட்டார்.  பெரிய மனிதர் என்று பலசரக்குக் கடைக்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ஆய்வுகூட அண்ணையைக் கண்டதும் உதட்டைச் சுழித்தார்.

"நீர் என்னத்துக்கு வந்தனீர்? உமக்குத்தான் ஒண்டும் தெரியாதே."

என் கணவர் மப்ளரைக் கழற்றிவிட்டு நடுவில் நின்றார். அந்த அம்மா எழும்பி வந்து, தன் உள்ளங்கையால் இவருடைய மூக்கையும் வாயையும் மறைத்துப் பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்த்தார்.  நான் கதிர்காமத்து முருகனைக் கூப்பிட்டேன்.

"ஓம்" என்றார் அம்மா. "இந்தக் கண்தான்."

மருமகன் ஓரடி முன்னால் வைத்தார். அப்போது ஆய்வுகூட அண்ணை போய் அந்த அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, இவரில்லை."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்குச் சாக்குக்குள்ளை இருந்தது நான்."

அவர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நான் என் காலை இழுத்துக்கொண்டேன். நான் புட்டுக் கொடுத்த மனிதர். என் தலையிடிக்குக் குழாய் கழுவிக் கொடுத்த மனிதர். 

அம்மா குனிந்து அவருடைய முகத்தையும் அதேபோல உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"இல்லை. இது அந்தக் கண் இல்லை. இவன் அவனைக் காப்பாத்தப் பொய் சொல்லுறான்."

என் உயிர் போய்விட்டது. உண்மையைச் சொல்ல ஒருவர் வந்து, அதைச் சொல்லியும் விட்டார், கண் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர், "எழும்பும் காணும், நாடகம் ஆடாமல்" என்றார். அவர் எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கட மகனுக்கு வலக்காலிலை புண். வேப்பெண்ணெய்க்குள்ளை உள்ளி போட்டுக் காய்ச்சி, அண்டைக்கு விடியப் பூசிவிட்டிருந்தனீங்கள். எண்ணெய் காயேல்லை, துணியும் சுத்தேல்லை. என்ர கதிரையைத் தாண்டேக்கை எண்ணெய் மணத்தது. வரிசையிலை வேற ஒருத்தரிலையும் அந்த மணம் இல்லை."

அம்மாவின் கை அவருடைய முகத்திலிருந்து நழுவியது. மகள் ஒன்றும் விளங்காமல் தாயைப் பார்த்தாள். அவள் அந்த நேரம் ஊரில் இருக்கவில்லை.

"அம்மா, உண்மையோ?"

"துணி கிழிச்சு வச்சிருந்தனான்" என்றார் அம்மா, தனக்குத்தானே சொல்வது போல. "வெளியிலை வா வா எண்டு கத்தினவங்கள். அந்த அவசரத்திலை சுத்தேல்லை."

 கடைக்காரர், "ஏனடா செய்தனி?" என்று மட்டும் கேட்டார்.

"அடி தாங்கேலாமல்."

"என்ர பிள்ளை ஆருக்கு என்ன செய்தவன்?" என்றார் அம்மா. "ஏன் அவனைக் காட்டினனி?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை. வேற ஒரு பொடியனைக் காட்டச் சொல்லித்தான் என்னை இருத்தினவங்கள். அதே உயரம். அதே மாதிரி நீலச் சேட். சாக்கு வேற விலகி விலகிப் போச்சுது." அவர் நிமிரவில்லை. "மாறிப்போச்சு, அம்மா."

மருமகன் அவருடைய கொலரைப் பிடித்துத் தூக்கினார். சேட்டுப் பொத்தான் தெறித்தது. அவர் கையைக்கூட உயர்த்தவில்லை. "விடு அவனை" என்றார் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் மருமகனுடைய கை விட்டது. அம்மா என் கணவரைப் பார்த்து, "தம்பி, நீ வீட்டை போ" என்றார். பிறகு நிலத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"நீ இரு."

கடைக்காரர் எழும்பி வந்து சங்கிலியைக் கழற்றிவிட்டார். நாங்கள் கதவோரத்தில் நின்று சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். என் கணவருடைய நாடாவை நான்தான் குனிந்து கட்டிவிட்டேன். அவருடைய உயிர் தப்பிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வீட்டிலிருந்து ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. உள்ளே அந்த அம்மா கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

"போகேக்கை என்ர பிள்ளை உன்னட்டை ஏதும் சொன்னவனோ?"

 அவர் சொன்னார்.

"'நானில்லை அண்ணை, இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ' எண்டு சொன்னவர்."